ஏட்டில் இருக்கிறாள், எழுவாயாக இல்லை: காலனிய எழுத்தும் பெண்ணிய வாசிப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெண்ணியம், மொழி, காலனியம் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பாதி ஆர்வமும் பாதி எரிச்சலும் வருகிறது. எரிச்சலும் நியாயம்தான். இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், கலைச்சொற்களை அடுக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். இங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு முடிந்தவரை எடுத்துக்காட்டோடு பதில் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வருபவை.

சொல்லாடல், சொல்லாடல் என்கிறார்களே, பேச்சு என்றால் போதாதா?

போதாது. பேச்சு ஒருவர் வாயிலிருந்து வருவது. ஒரு காலத்தில் ஒரு விஷயத்தைப் பற்றி என்னவெல்லாம் சொல்லலாம், யார் சொன்னால் எடுபடும், எதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடாமலே அமைந்துவிடும் ஏற்பாட்டுக்குத்தான் சொல்லாடல் என்று பெயர். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ இந்த வழியில் யோசித்தார். இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சையித் 1978இல் அதை எடுத்து, கிழக்கைப் பற்றி ஐரோப்பா எழுதிக் குவித்ததை அந்தக் கண்ணோடு படித்தார். அதில் பெண்களுக்கு இடம் குறைவு. அந்த இடைவெளியில்தான் பெண்ணிய ஆய்வாளர்கள் நுழைந்தார்கள்.

நம் வீட்டு எடுத்துக்காட்டு ஒன்று. அச்சமும் நாணும் மடனும் எப்போதும் ‘பெண்பாற்கு உரிய என்ப’ என்கிறது தொல்காப்பியம். எல்லோரும் அந்த மூன்று குணங்களைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், எனக்குக் கண் போவது கடைசிச் சொல்லில். ‘என்ப’. என்று சொல்வார்கள். யார்? பெயர் இல்லை. பெயர் இல்லாததால்தான் மறுத்துப் பேச ஆளும் இல்லை. சொல்லாடல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சின்ன எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மொழியே ஆணாதிக்கம் என்பது மிகைதானே?

அப்படிச் சொன்னால் மிகைதான். வங்காளியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே பிரதிபெயர். வினையிலும் பால் விகுதி கிடையாது. கணவனின் சிதையில் பெண்களை உயிரோடு எரித்த கணக்கில் பிரிட்டிஷ் ஏடுகளில் முதலிடம் வங்காளத்துக்குத்தான். தெலுங்கில் ‘அவள் வந்தாள்’, ‘அது வந்தது’ இரண்டுக்கும் ஒருமையில் ஒரே வினைமுற்று. அதை வைத்துத் தெலுங்கர்கள் பெண்ணை அஃறிணையாக நடத்தினார்கள் என்று முடிவு கட்டினால் அது ஆராய்ச்சி ஆகாது. இலக்கணத்திலிருந்து நேரே சமூகத்துக்குத் தாவக் கூடாது.

ஆனால் சொல்லிலும் வாக்கிய அமைப்பிலும் பழகிப்போன வழக்கம் இருக்கிறது பாருங்கள், அது வேறு. ‘கற்பழிப்பு’ என்று எழுதும்போது குற்றம் செய்தவன் மறைந்து, பெண்ணிடம் எதுவோ அழிந்தது என்ற கணக்கு மட்டும் மிஞ்சுகிறது. ‘கற்பழிக்கப்பட்டாள்’ என்று செயப்பாட்டு வினையில் போட்டால் குற்றவாளி வாக்கியத்தை விட்டே போய்விடுகிறான். பாலியல் வன்கொடுமை என்ற சொல் வந்தது இதனால்தான், நாகரிகத்துக்காக மட்டும் இல்லை. பழைய கதைகளில் கணவன் ‘வந்தார்’, மனைவி ‘சொன்னாள்’ என்று வருவதை இன்னமும் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம்.

ஆங்கில உலகில் ராபின் லேக்காஃப் 1970களிலும் டேல் ஸ்பெண்டர் 1980இலும் இதே வகைக் கேள்விகளைக் கேட்டார்கள். ஸ்பெண்டர் மொழியையே ஆண்கள் உருவாக்கியது என்கிற அளவுக்குப் போனார், அதற்குப் பின்னால் வந்த டெபோரா கேமரன் போன்ற மொழியியலாளர்கள் அது அவ்வளவு எளிதில்லை என்று மறுத்தார்கள். நான் இரண்டாவது கட்சி.

காலனிய எழுத்தில் இதற்கு என்ன வேலை?

நிறைய. ‘சதி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் அது நல்ல மனைவி, கற்புடையவள். ஒரு பெண்ணைக் குறிக்கும் சொல். அதை ஆங்கிலேயர்கள் ஒரு சடங்கின் பெயராக்கினார்கள். பெண்ணைக் குறித்த சொல் அவளை எரிக்கும் செயலைக் குறிக்கத் தொடங்கியது. நம் தமிழும் குறைந்ததில்லை. ‘உடன்கட்டை ஏறினாள்’ என்கிறோம். ஏறினாள் என்பது தன்வினை. ஏற்றினார்கள் என்று பிறவினையில் சொல்லியிருக்கலாம், மொழி அதற்கு இடம் கொடுக்கிறது, வழக்கம் கொடுக்கவில்லை. சாகிற ஒரு நொடிக்கு மட்டும் அவளுக்கு எழுவாய் பதவி.

இனி ஏட்டுக்கு வருவோம். 1805இல் கல்கத்தாவின் நிஜாமத் அதாலத் என்ற குற்றவியல் உயர் நீதிமன்றம், இதற்குச் சாத்திரத்தில் இடம் உண்டா என்று பண்டிதரிடம் கேட்டது. 1813இல் ஒரு சுற்றறிக்கை வந்தது: பெண்ணின் சம்மதத்தோடும் சாத்திரப்படியும் நடந்தால் தடுக்க வேண்டாம், பதினாறு வயதுக்குக் குறைந்தவள், கர்ப்பிணி, போதை கொடுக்கப்பட்டவள் என்றால் தடுக்க வேண்டும். அதாவது சட்டப்படியான எரிப்பு, சட்டவிரோதமான எரிப்பு என்று இரண்டு வகை. போலீஸ்காரர் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். 1815 முதல் 1828 வரை வங்காள மாகாணத்தில் 8,134 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குறிப்புகளில் பெண் பேசுவது ஒரே ஒரு கேள்விக்குப் பதிலாக. உன் விருப்பம்தானா? ஆம் என்று சொன்னால் ‘மனமுவந்து’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் என்ன நடந்தது, சொத்தில் பங்கு கேட்டாளா, பசியா, பயமா, அதற்கெல்லாம் படிவத்தில் இடம் இல்லை. வரலாற்று ஆய்வாளர் லதா மணி இந்த ஏடுகளைத் துருவிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: அதிகாரிகள், பாதிரிமார்கள், ராம்மோகன் ராய் போன்ற சீர்திருத்தக்காரர்கள், சடங்கைக் காப்பாற்ற நினைத்த வைதீகர்கள், நான்கு தரப்பும் சண்டை போட்டது எது உண்மையான மரபு என்பதைப் பற்றித்தான், பெண் அந்தச் சண்டை நடந்த தரை. அவளைப் பற்றிய சண்டைகூட இல்லை. படித்துப் பல வருடமாகியும் என்னை விடாத கருத்து அது.

அப்படியானால் 1829 சட்டம் தப்பா? எரிய விட்டிருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும் என்று தெரியும். இல்லை, தப்பில்லை. 1829 டிசம்பர் 4 அன்று கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் கொண்டுவந்த தடை வந்திருக்க வேண்டியதுதான், முன்பே வந்திருக்க வேண்டும். இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பீவாக் இதை ‘பழுப்பு ஆண்களிடமிருந்து பழுப்புப் பெண்களை வெள்ளை ஆண்கள் காப்பாற்றுகிறார்கள்’ என்ற ஒரு வரிக்குள் அடக்கினார், எதிர்ப்பக்கம் ‘அவளே விரும்பித்தான் செத்தாள்’ என்கிற வரியையும் வைத்தார். இரண்டில் எதை எடுத்தாலும் அவள் பேசும் வாக்கியம் கிடைக்காது என்பதுதான் விஷயம். சட்டம் நல்லது என்பதாலேயே அந்தச் சட்டத்தை எழுதியவர் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டதையும் நம்ப வேண்டியதில்லை.

காப்பாற்ற வந்தவர்களின் மனசு தெரிய வேண்டுமா? எகிப்தில் முகத்திரை பெண்ணை அடிமைப்படுத்துகிறது என்று கண்ணீர் வடித்த, அங்கே பிரிட்டிஷ் ஆட்சியை நடத்திய குரோமர் பிரபு, இங்கிலாந்துக்குத் திரும்பியதும் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைவரானார். இந்தியாவில் வைசிராயாக இருந்த கர்சனும் அதே இயக்கத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

அடித்தளப் பெண் பேச முடியாது என்று ஸ்பீவாக் சொல்வது தோல்வி மனப்பான்மை இல்லையா?

அடித்தளம் என்றால் அதிகாரத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள். 1988இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் கேள்வி, வாய் இருக்கிறதா என்பதில்லை. பேசினால் அது பேச்சாகக் கேட்கப்படுகிறதா என்பது. கட்டுரையின் முடிவில் புவனேஸ்வரி பாதுரி என்ற இளம்பெண்ணின் கதை வரும். 1926இல் கல்கத்தாவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தகாத காதலில் கர்ப்பமாகிவிட்டாள் என்றுதான் ஊர் நினைக்கும், அது தெரிந்து மாதவிடாய் வரும்வரை காத்திருந்து இறந்தாள். ஆயுதப் போராட்டக் குழு ஒன்றில் இருந்தாள், அரசியல் கொலை ஒன்றைச் செய்யும் பொறுப்பு அவளுக்குத் தரப்பட்டிருந்தது, அதைச் செய்ய முடியவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்படி உடம்பையே சாட்சியாக வைத்துவிட்டுப் போயும், பின்னாளில் குடும்பத்துப் பெண்களே அதைக் காதல் விவகாரமாகத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ‘பேச முடியாது’ என்பது அந்த வெறுப்பில் எழுதிய வரி. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஸ்பீவாக்கே பிறகு எழுதினார். மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பெண்கள் எழுதவே இல்லையா?

எழுதினார்கள். மூன்று பேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ருக்மாபாய். பதினொரு வயதில் கல்யாணம், கணவனோடு போய் வாழ மறுத்தார். 1884இல் கணவன் பம்பாயில் வழக்குப் போட்டான். தாம்பத்திய உரிமையை மீட்டுத் தரச் சொல்லும் அந்த வழக்கு முறை இந்துக்களின் சாத்திரத்தில் இல்லாதது, இங்கிலாந்தின் சர்ச் நீதிமன்றங்களிலிருந்து இறக்குமதியானது. அதே 1884இல்தான் இங்கிலாந்தில் இத்தகைய தீர்ப்புக்குக் கீழ்ப்படியாதவரைச் சிறையில் போடும் வழக்கத்தை நிறுத்தினார்கள். இங்கே 1887இல் கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பு. சிறைக்கே போகிறேன் என்றார். கடைசியில் 1888இல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்கு தீர்ந்தது, அவர் லண்டன் போய் மருத்துவரானார். இதற்கு நடுவில் 1885இல் ‘ஓர் இந்துப் பெண்மணி’ என்ற புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். அரசு ஏட்டில் அவர் ஒரு வழக்கின் பிரதிவாதி, கடிதத்தில் ‘நான்’. ஒரே ஆள்தான், ஆனால் எழுவாய் மாறிவிட்டது.

அடுத்தது முத்துப்பழனி, அவரைத் தொடர்ந்து இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மா. முத்துப்பழனி பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த கணிகை, தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ எழுதியவர். கண்ணன், ராதை கதைதான், ஆனால் அதில் பெண்ணின் காமம் பெண்ணின் பக்கத்திலிருந்து பேசுகிறது. பாட்டி, அம்மா என்று தன் பெண்வழி முன்னோரைப் பற்றியும் எழுதியிருந்தார். 1887இல் அச்சிட்டபோது அந்த முன்னுரையையும் சில பாடல்களையும் நீக்கிவிட்டுத்தான் போட்டார்கள். தெலுங்குச் சீர்திருத்தக்காரர் கந்துகூரி வீரேசலிங்கம், விதவை மறுமணத்துக்காக ஊரையே பகைத்துக்கொண்ட அதே பெரிய மனிதர், ஒரு பெண் காதால் கேட்கக்கூடாதது இவள் வாயிலிருந்து வருகிறதே என்ற பொருளில் எழுதி ஒதுக்கினார்.

நாகரத்தினம்மா தேடிப்பிடித்து முழு நூலையும் 1910இல் பதிப்பித்தார். கண்ணியம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா, வீரேசலிங்கம் தன் பிரதியிலேயே எழுதியிருப்பது என்ன என்று முன்னுரையில் நேருக்கு நேர் கேட்டார். 1911இல் போலீஸ் வந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. தடை நீங்கியது 1947இல், ஆந்திரத் தலைவர் த. பிரகாசம் முயற்சியால். ஆக, இந்தியச் சீர்திருத்தக்காரரும் காலனிய அரசும் ஒரே பெண்ணின் வாயை ஒரே நேரத்தில் பொத்தினார்கள். காலனியம் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து உட்காருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் நல்லது.

‘தேவதாசி’யை எப்படி எழுதுவது?

மிகவும் கவனமாக. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் இருக்கிறார்கள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்த வீடு, எவ்வளவு பங்கு என்ற விவரத்தோடு. கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாகவும் தேவரடியார் சோழர் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அந்தச் சொல்லின் சிதைந்த வடிவம் இன்று தெருவில் வசை. நடுவில் எவ்வளவோ நடந்தது, அதில் காலனிய நீதிமன்றமும் ஒன்று. 1860 தண்டனைச் சட்டம் வந்தபின், கோயிலோடு தொடர்புள்ள பெண், ஆடுகிற பெண், விபச்சாரி மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்பட்டன.

இதைச் சொன்னவுடன் ‘அப்போ அந்த முறை நல்லது’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். நில்லுங்கள். அந்தச் சூழலில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்தான் அதை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார், 1947இல் சட்டம் வந்தது. மறுபக்கம் 1920களின் இறுதியில் மதராஸ் மாகாணத்து தேவதாசிகள் சங்கமாகக் கூடி, எங்களை விபச்சாரிகள் என்று சொல்லாதீர்கள் என்று அரசுக்கு மனுவே கொடுத்தார்கள். பெண்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள். ‘பெண் குரல்’ என்று ஒருமையில் எழுதினால் யாரோ ஒருத்தியைக் கழற்றிவிடுகிறோம்.

இதில் சாதி எங்கே?

நல்ல கேள்வி, இந்தத் துறை இதற்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. சதி, விதவைக் கோலம், இளம்வயது கல்யாணம் என்று காலனியமும் சீர்திருத்தமும் சத்தம் போட்டது பெரும்பாலும் மேல்சாதி வீட்டுப் பிரச்சினைகளுக்கு. திருவிதாங்கூர் தோள்சீலைப் போராட்டத்தைப் பாருங்கள். மிஷனரி எழுத்துகளில் அது அடக்கம், நாகரிகம் பற்றிய கதை. மிஷன் கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டை அடக்கத்துக்குப் போதுமானது. நாடார் பெண்கள் அதோடு நிற்காமல் மேல்சாதிப் பெண்கள் போடுவது போலத் தோள்சீலை போட்டார்கள், அங்கேதான் அடிதடி. 1859 ஜூலை அறிவிப்பும் மேலே மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி இல்லாமல் என்றே அனுமதித்தது. அரசுக்கு விஷயம் சரியாகவே புரிந்திருக்கிறது, அது உடம்பை மூடும் பிரச்சினை இல்லை என்று.

வெள்ளைக்காரப் பெண்கள் எழுதியதை எங்கே வைப்பது?

தனி அலமாரியில். ஆண் அதிகாரிகள் நுழைய முடியாத அந்தப்புரத்துக்குள் போய் எழுதினார்கள் என்பதால் விவரம் நிறைய. ஆனால் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் எழுதிய குடும்ப நிர்வாகக் கையேட்டைப் பாருங்கள்: இந்திய வேலைக்காரர் வயதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குழந்தை என்கிறது. மொழி கற்றுக்கொள்ளச் சொல்வதும் உத்தரவு போடத்தான். ஏவல் வினை தெரிந்தால் சாம்ராஜ்யம் நடத்திவிடலாம் போலிருக்கிறது. பிரிட்டிஷ் பெண்ணியவாதிகள்கூட ஆதரவற்ற இந்தியச் சகோதரியைக் காட்டித் தங்களுக்கு வாக்குரிமை கேட்டதை வரலாற்று ஆய்வாளர் ஆன்டொனெட் பர்ட்டன் விரிவாக எழுதியிருக்கிறார். பிற்காலத்து மேற்கத்திய பெண்ணியத்திலும் ‘மூன்றாம் உலகப் பெண்’ என்ற ஒரே அச்சு வார்ப்பு தொடர்ந்ததை 1980களில் சந்திரா மொகாந்தி பிடித்துக் காட்டினார்.

எல்லாமே மேற்கத்திய கோட்பாடுதானே?

தாராபாய் ஷிண்டே மராத்தியில் ஆண்களின் இரட்டை அளவுகோலைக் கிழித்தது 1882இல். நாகரத்தினம்மாவின் முன்னுரை 1910. ஃபூக்கோ அப்போது பிறக்கவில்லை.

ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால் எங்கே தொடங்குவது?

நான் வினைச்சொல்லில் தொடங்குவேன். அவள் செய்தாளா, செய்யப்பட்டாளா, செய்ததாகச் சொல்லப்படுகிறதா. அப்புறம் கேள்வி: சாட்சியத்தில் பதில்தான் இருக்கும், கேள்வி பல சமயம் இருக்காது, அதை நாம் ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பதிலைக் கேள்வியே தீர்மானித்துவிடும். பிறகு மொழிபெயர்ப்பு. அவள் தமிழிலோ வங்காளியிலோ சொன்னதை ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ‘கற்பு’, ‘மானம்’ மாதிரிச் சொற்கள் அந்த வழியில் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். கடைசியாக, யாருக்கு அனுப்பப்பட்ட தாள் அது. லண்டனில் படிக்கப் போகிறவருக்கு எழுதியதும் கலெக்டர் தன் கோப்புக்கு எழுதியதும் ஒன்றாக இருக்காது.

அவள் என்ன நினைத்திருப்பாள் என்று நாமே எழுதிவிடலாமா?

கதையாக எழுதுங்கள், தாராளமாக. வரலாறு என்று போடாதீர்கள். 1890இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு: புல்மணி என்ற சிறுமி, வயது பத்தோ பதினொன்றோ, முப்பதைத் தாண்டிய கணவன் பலவந்தமாக உறவு கொண்டதில் இறந்துபோனாள். அன்றைய சட்டத்தில் சம்மத வயது பத்து, அதைத் தாண்டிவிட்டாள் என்பதால் பலாத்கார வழக்கே கிடையாது. அவனுக்கு ஓர் ஆண்டுக் கடுங்காவல். அடுத்த ஆண்டு சம்மத வயதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள், அதற்காகவும் அதை எதிர்த்தும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த வழக்கில் மருத்துவர் சொன்னது இருக்கிறது, தாயின் சாட்சியம் இருக்கிறது, நீதிபதியின் உரை இருக்கிறது. புல்மணி சொன்னதாக ஒரு வரி எழுத எனக்கும் கை துறுதுறுக்கும். எழுதவில்லை, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.